பாக்கியத்தின் இரண்டு கண்ணாடிகள்

போன மாதம் எனக்கே கண்புரை ஆபரேஷன் நடந்தது. காலையில் போனேன், கண்ணுக்குள்ளேயே ஒரு சின்ன வில்லையைப் பொருத்தி அனுப்பிவிட்டார்கள், மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து மீ ஹூன் தின்றேன். மறுநாள் கட்டுப் பிரித்த நர்ஸ், நம்ம தமிழ்ப் பெண்தான், முகத்துக்கு நேரே குனிந்து, "தெளிவா தெரியுதா அங்கிள்?" என்றது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு எரிச்சல் வந்ததோ! "இந்தக் கேள்விய இன்னுமா விடல நீங்க?" என்று கத்திவிட்டேன். அது பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடிவிட்டது.

பிறகு சமாதானம் ஆனோம். நான் கண் பிரிவில் எச்.ஏ.வாக, அதாவது ஆஸ்பத்திரி உதவியாளராக, முடி நரைக்கும் வரை வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும், "அந்தக் கேள்வில அப்படி என்ன அங்கிள் தப்பு? எழுதிக் குடுங்களேன், எங்க ஸ்டாஃப் எல்லாம் படிப்பாங்க" என்றது. எழுதுகிறேன். ஆனால் இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை விரித்தேன், ஊசி போட்டேன், பரீட்சை எழுதினேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஈப்போ பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கண் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவிவிட்டார்கள். நான் மாட்டிக்கொண்டேன். அவர்கள் நழுவியதற்குக் காரணம் ஒரே ஆள், டாக்டர் ஓங்.

டாக்டர் ஓங் பினாங்குக்காரர். குள்ளம். கழுத்துப்பட்டை நோயாளியின் முகத்தில் படக்கூடாது என்று அதைச் சட்டையின் இரண்டாம் பொத்தானுக்கும் மூன்றாம் பொத்தானுக்கும் நடுவே செருகியிருப்பார். நோயாளியின் கண்ணைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்கமாட்டார். யாராவது "டாக்டர், போன தீபாவளியிலேர்ந்து..." என்று ஆரம்பித்தால் போதும், ஒரு விரலைத் தூக்குவார். வாய் மூட வேண்டும் என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டுவார். நான் நோயாளியின் அட்டையைக் கொடுக்க வேண்டும். அட்டையில் ஒரு எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் அட்டையைக் கொடுத்த ஒரு பையனை அவர் அந்த அறையிலிருந்து அனுப்பிவிட்டார், பிறகு அந்தப் பையன் தோல் வியாதிப் பிரிவில்தான் வேலை பார்த்தான்.

மனிதர் இப்படி, ஆனால் கை சொக்கத் தங்கம். அந்தக் காலத்தில் புரை அறுத்தால் கண்ணில் இருக்கும் வில்லையை முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். உள்ளே வேறு எதையும் வைப்பதில்லை. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள் கணக்கில் மல்லாக்கப் படுக்கப் போடுவோம். இருமக்கூடாது, தும்மக்கூடாது. ஆறு வாரம் கழித்து, எடுத்த வில்லைக்குப் பதிலாக மூக்கின் மேல் ஒரு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி இல்லை, சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து வைத்த மாதிரி தடிமன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று சுவரில் வேறு ஒரு பெரிய அட்டை தொங்கியது. மூன்று கால் நீட்டிய ஒரே எழுத்து, மேலே பெரிசாக ஆரம்பித்து, வரிக்கு வரி சின்னதாகிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக் கிடக்கும். தோட்டத்து ஜனங்கள் அதற்குச் சீப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள். நானும் குச்சியால் காட்டி, "பல்லு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பேன். மேலே, கீழே, இந்தாண்ட, அந்தாண்ட என்று கை காட்ட வேண்டும். கடைசியாகச் சரியாகக் காட்டிய வரி எதுவோ அதுதான் எண். நல்ல கண் ஒன்பது மீட்டரில் பார்ப்பதை ஆறு மீட்டரில் வந்து நின்று பார்த்தால் சிக்ஸ் நைன். சிக்ஸ் நைன் என்றால் டாக்டர் ஓங் தலையை ஆட்டுவார். அவரிடம் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அந்தத் தலையாட்டல்தான்.

இந்த அட்டையால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். சேர்ந்த முதல் வருஷம், ஒரு தோட்டத்திலிருந்து லாரியில் பதினைந்து பேரை அனுப்பினார்கள். முதல் ஆள் ஏழாம் வரி வரைக்கும் சரி. இரண்டாவது ஆளும் ஏழாம் வரி. மூன்றாவது ஆள், இரண்டு கண்ணிலும் புரை வெள்ளையாக வெளியே தெரிகிறது, அந்தப் பெரியவரும் ஏழாம் வரி! நான் குச்சியை வைப்பதற்கு முன்பே கை காட்டுகிறார். எனக்குச் சந்தேகம் வந்து குச்சியை அட்டையில் வைக்காமல் பக்கத்துச் சுவரில் வைத்தேன். "அந்தாண்ட" என்றார்.

விஷயம் என்னவென்றால், காத்திருக்கும் பெஞ்சு அட்டைக்கு நேரே கிடந்தது. கண் நல்லா இருந்த ஒரு அம்மா அதை எல்லாருக்கும் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறது. "ஏன்யா இப்படிப் பண்ணீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். பெரியவர் நிதானமாகச் சொன்னார், "சோதனைன்னு சொன்னாங்க தம்பி. ஃபெயிலாப் போனா வேலைலேர்ந்து நிப்பாட்டிருவாங்கல்ல?"

கண் தெரியவில்லை என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். வந்த இடத்தில் கண் தெரிகிறது என்று பாஸ் பண்ணிவிட்டுப் போகிறார்கள். என்ன ஜனங்கள் அப்பா! அன்றைக்கே பெஞ்சைத் திருப்பிப் போட்டேன். அதோடு மனசுக்குள் ஒரு முடிவும் எடுத்தேன், இவர்கள் வாய் சொல்வதை நம்பக்கூடாது, அட்டையை மட்டும் நம்ப வேண்டும் என்று. அந்த முடிவுதான் பின்னால் என்னை முட்டாளாக்கியது.

பாக்கியம் வந்தது இதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், அதாவது மரப்பட்டையைக் கத்தியால் சீவிப் பால் எடுக்கிறவர். ஐம்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் கலா, ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே வருவது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் மரம் வெட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சோற்றுப் பானையில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் வற்புறுத்தி அனுப்பினார்.

டாக்டர் ஓங் வலது கண்ணை அறுத்தார். சுத்தமாக ஆறியது. ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி போட்டு அட்டையைக் காட்டினேன். பெஞ்சு திரும்பித்தான் கிடந்தது, வரிசையையும் நான் மாற்றி மாற்றிக் கேட்டேன். சிக்ஸ் நைன். எனக்கே சந்தோஷம். "தெளிவா தெரியுதாம்மா?" என்று கேட்டேன். "தெளிவா தெரியுது ஐயா" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். தோட்டத்துக் கிராணி, அதாவது அங்கே கணக்கு எழுதுபவர், ஒரு பாரம், வேலைத் தகுதிப் படிவம், அனுப்பியிருந்தார். அதில் 'கண்ணாடியுடன் வேலைக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

அந்தப் பாரம் ஏன் முக்கியம் என்றால், தோட்டம் கொடுக்கிற லயத்து வீடு வேலை செய்கிற ஆள் பேரில்தான் இருக்கும். ஆள் வேலைக்குத் தகுதி இல்லை என்று ஆனால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். பாக்கியத்துக்கு வெளியே போக இடம் கிடையாது. மகளுக்கு அந்த வருஷக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் வழியனுப்பும்போது அழுத்திச் சொன்னேன், "வேலைல இருக்கும்போது கண்ணாடிய எந்தக் காரணத்துக்கும் கழட்டக்கூடாதும்மா. பாரத்துல அப்படித்தான் எழுதியிருக்கு." வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் சொல்லச் சொல்லி டிரெஸ்ஸருக்கு ஒரு சீட்டு வேறு எழுதினேன். கெட்டிக்காரன் பாருங்கள் நான்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். இரண்டு பஸ் மாறி, விடிகாலையில் கிளம்பி.

"என்னம்மா, கண்ணு தெரியலையா?"

"தெரியுது ஐயா. தெரியுறதுதான் தொல்லையா இருக்கு."

"தெரியுறது எப்படிம்மா தொல்லையாகும்?"

"மரம் முன்னாடி வந்து நிக்குது. கத்தி போய்ச் சேர்றதுக்குள்ள மரம் வந்துருது. காயமாப் போகுது."

அட்டையைக் காட்டினேன். சிக்ஸ் நைன். புதுக் கண்ணாடிக்காரர்கள் எல்லாருக்கும் முதல் ஒரு வாரம், பத்து நாள் சாமான் பக்கத்தில் வந்த மாதிரிதான் இருக்கும். வார்டில் காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவார்கள், நாங்கள் சிரித்துக்கொண்டே துடைப்போம். பிறகு பழகிவிடும். "போகப் போகச் சரியாயிரும்மா" என்று அனுப்பினேன்.

அடுத்த மாதமும் வந்தார். இப்போது இன்னும் கூட. "ஓரத்துல ஆள் திடீர்னு முளைக்குறான் ஐயா. சட்டுன்னு காணாமப் போயிடுறான். நெலக் கதவு வளைஞ்சு நிக்குது." மரத்துக்கு ஆழமான காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை கெட்டுவிடும், பால் வராது. மண்டோர் இரண்டு தடவை எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டார். மூன்றாவது கொடுத்தால் பேரை வெட்டிவிடுவார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சிக்ஸ் நைன் வைத்துக்கொண்டு இந்த அம்மா என்ன கதை விடுகிறது? ஒருவேளை வேலை செய்யப் பிடிக்கவில்லையோ? லேசான வேலைக்கு மாற வழி தேடுகிறதோ? பதினைந்து பேர் ஏமாற்றியதைப் பார்த்தவன் அல்லவா நான். "அம்மா, அட்டைல எல்லாம் சரியாச் சொல்றீங்க. வெளிய போனா மட்டும் மரம் நடந்து வருதா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மூன்றாவது தடவை வந்தபோது டாக்டர் ஓங் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்த இளம் டாக்டர் ஒருவர், கதை கேட்கிறவர், முழுக்கக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆள் முளைக்கிறான், மறைகிறான், மரம் நடந்து வருகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது கண் இல்லை, மனசு. தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதுங்கள், அவர்கள் பார்க்கட்டும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பேராவில் பிறந்த எந்தத் தமிழனுக்கும் அந்த ஊர்ப் பேர் சொன்னால் போதும், மனநல ஆஸ்பத்திரி என்று புரிந்துவிடும். அங்கே சிகிச்சை நல்லபடியாகத்தான் நடக்கும், அது வேறு விஷயம். லயத்தில் பேசுகிற பேச்சு வேறு. "அவங்கம்மா ரம்புத்தான் போய் வந்தவங்க" என்று ஒரு தடவை பேர் விழுந்தால் மகள் கல்யாணம் வரைக்கும் அது கூட வரும். வேலையும் போய்விடும், வீடும் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் கடிதத்தை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அழகாக எழுதினேன்.

வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்து வேண்டும். மகள் கலா பள்ளிச் சீருடையோடு வந்து நின்றது. கடிதத்தைப் படித்தது, மடித்தது, என் மேஜை மேல் வைத்தது.

"எங்கம்மா கிறுக்கு இல்ல சார்."

"கிறுக்குன்னு யாரும்மா சொன்னா? சும்மா ஒரு செக்கப்."

"அம்மா பொய் சொல்ல மாட்டாங்க சார். மரம் பக்கத்துல வருதுன்னா வருது. நீங்க யாராச்சும் ஒரு நாளாவது அந்த மரத்தை வந்து பாத்தீங்களா?"

சின்னப் பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஞாயிறு எனக்குக் கோயில், அதனால் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, முதல் நாள் சாயங்காலமே தோட்டத்துக்குப் போய் டிரெஸ்ஸர் வீட்டில் தங்கினேன்.

காலையில் மண்டோர் என்னைப் பாக்கியத்தின் நிரைக்கு, அவர் வெட்டுகிற மர வரிசைக்கு, கூட்டிக்கொண்டு போனார். முனியாண்டி என்று பேர், தடியான ஆள், கையில் பிரம்பு. பிரம்பால் ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டிக் காட்டினார். "பாருங்க சார், இது காயம். இதோ, இது எலும்பு தெரியுது. இந்த அம்மா இருவது வருசமா வெட்டுது சார், ஒரு காயம் பாத்ததில்ல. இப்ப பாருங்க, மாடு கடிச்ச மாரி!" உண்மைதான். பட்டையைத் தாண்டி மரக்கட்டை வரைக்கும் கத்தி இறங்கியிருந்தது. எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"முதல் மரம் எது?" என்று சும்மாதான் கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்ட கேள்வி அது.

முதல் மரத்துக்கு நடந்தோம். வெட்டு சுத்தமாக, ஒரே சீராக, பென்சில் சீவின மாதிரி இருந்தது. இரண்டாவதும் அப்படியே. பத்தாவது, முப்பதாவது, ஐம்பதாவது. ஒரு கீறல் இல்லை. மண்டோர் பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இந்தப் பக்கம் நான் வாரது இல்ல சார். நான் வார நேரத்துல அது அந்தாண்ட போயிருக்கும்" என்றார். காயம் ஆரம்பித்த மரம் ஒரு சின்ன மேட்டின் மேல் நின்றது. அதற்கு அப்புறம் வரிசையாகக் காயம்தான்.

"இந்த மரத்துக்கு வரும்போது மணி என்ன இருக்கும்?"

"இங்கதான் சார் விடியும்" என்றார் மண்டோர். "பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சு இருட்டுல ஆரம்பிக்கும், இந்த மேட்டுல ஏறுறப்போ நெத்தி லைட்டை அணைச்சிரும்."

பாக்கியம் வாளியோடு வந்துகொண்டிருந்தார். நான் ஓடாத குறையாகப் போய்க் கேட்டேன். "அம்மா, இருட்டுல கண்ணாடி போட்டிருப்பீங்களா?"

அவர் முதலில் மண்டோரைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா, ஒண்ணும் பண்ண மாட்டார்" என்றேன்.

"இல்லீங்க ஐயா. நெத்தி லைட்டு அந்தக் கண்ணாடில பட்டா கண்ணுக்குள்ள தீ வச்ச மாரி இருக்கும். பையில போட்டுக்குவேன். விடிஞ்சதும் எடுத்து மாட்டிக்குவேன்."

"அப்ப இருட்டுல எப்படி வெட்டுறீங்க?"

"கை வெட்டும்" என்றார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. இடது கையின் பெருவிரலால் பழைய வெட்டைத் தடவிக் காட்டினார். "இங்கன பட்டை மெத்துனு இருக்கும், இங்கன கெட்டி. கத்தி சத்தமும் மாறும். விடிஞ்சு கண்ணாடி போட்டதும் மரம் இத்தத் தண்டி ஆயிருது. கை போதும்போதுங்குது, கண்ணு இன்னும் இருக்கு இன்னும் இருக்குங்குது. கண்ணு சொல்றதத்தான் கேக்க வேண்டியிருக்கு."

"இத ஏம்மா மூணு மாசமா எங்கிட்ட சொல்லல?"

"எங்க ஐயா கேட்டீங்க? தெளிவா தெரியுதான்னு கேட்டீங்க. தெளிவாத்தான் தெரியுது."

மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தடிக் கண்ணாடி சாமானை எல்லாம் பெரிசாக்கிக் காட்டும் என்பது எங்களுக்குப் பாடத்திலேயே உண்டு. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு வளையம் குருடு, அங்கே ஆள் மறைவான், திடீரென்று குதிப்பான், அதுவும் பாடம். நெலக் கதவு வளைவது, அதுவும் பாடம். அந்த அம்மா ஒவ்வொன்றையும் பிசகாமல், பாடப் புத்தகத்தை விட நன்றாகச் சொல்லியிருக்கிறது. மற்றவர்களுக்குப் பத்து நாளில் பழகிவிடுகிறது, காரணம் அவர்கள் கண்ணாடியைக் கழற்றுவதே இல்லை, மனசு புது அளவைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. இந்த அம்மா தினமும் பாதி வேலை பழைய அளவில், பாதி வேலை புது அளவில். மனசு எதைத்தான் பழகும்? பெரிசாகத் தெரிகிற பட்டையைப் பார்த்து, இன்னும் தடிமன் இருக்கிறது என்று கையை உள்ளே தள்ளுகிறது. கழற்றாதே என்று உத்தரவு போட்டவன் நான். ஐயோ, அதற்குச் சீட்டு வேறு எழுதினேனே!

திங்கட்கிழமை டாக்டர் ஓங் வந்ததும் ஓடினேன். "டாக்டர், அந்த ஆயர் தாவார் அம்மா..." விரல் எழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் விரலையும் பார்க்காமல் முழுக்கச் சொல்லி முடித்தேன். வேலை நேரத்தில் கண்ணாடி வேண்டாம் என்று பாரத்தை மாற்றி எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"கண்ணாடி இல்லாமல் எண் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விரல் எண்ணுவாங்க, டாக்டர். கிட்டக்க காட்டினாத்தான்."

"விரல் எண்ணுகிற ஆளுக்குக் கத்தியைக் கையில் கொடுத்து, வேலைக்குத் தகுதி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தானே?"

"ஆனா அவங்க வெட்டுறாங்க டாக்டர்! நான் பாத்தேன்!"

"தகுதி இல்லை என்று எழுதித் தருகிறேன். வேண்டுமா?"

வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் சொன்னதும் சட்டப்படி சரிதான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கண்ணாடி போட்டால் பாரத்தில் கண் தெரியும், மரம் கெடும். கழற்றினால் மரம் பிழைக்கும், பாரத்தில் குருடு. அந்த அம்மாவின் வீடு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. மேஜைக்கு வந்து தஞ்சோங் ரம்புத்தானுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, என் ஆத்திரம் கொஞ்சம் ஆறியது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஈப்போ டவுனில் எனக்குத் தெரிந்த சீனர் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பாக்கியத்தின் சட்டத்தைப் போலவே கறுப்பாக, தடியாக ஒன்று எடுத்து, அதில் சாதாரணக் கண்ணாடி போடச் சொன்னேன்.

"பவர் எத்தினி?" என்றார் கடைக்காரர்.

"பவர் கோசோங்," என்றேன். கோசோங் என்றால் மலாயில் பூஜ்ஜியம்.

"கோசோங்கா? கோசோங்குக்கு எதுக்கு கண்ணாடிலா? ஜன்னலா மாட்டப் போற?"

"போட்டுக் குடுங்க தவுக்கே, கேள்வி கேக்காதீங்க."

தலையைச் சொறிந்துகொண்டே போட்டுக் கொடுத்தார். அதைப் பாக்கியத்திடம் கொடுத்து, பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்தேன். தடிக் கண்ணாடி வீட்டுக்கு. சமைக்க, நடக்க, மகள் முகம் பார்க்க, எழுந்ததிலிருந்து பெரட்டு வரை, வேலை முடிந்ததிலிருந்து படுக்கும் வரை. இந்தக் கண்ணாடி மரத்துக்கு. கத்தியைத் தொடும்போதெல்லாம் இதுதான், இருட்டானாலும் சரி, விடிந்தாலும் சரி. யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. "இதுல ஒண்ணுமே இல்லீங்களே ஐயா" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லாததுதான்மா வேணும்" என்றேன். அவர் மகளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் காயம் நின்றது. மூன்றாவது எச்சரிக்கை வரவே இல்லை. டிரெஸ்ஸரைப் பார்க்க ஒரு தடவை போயிருந்தபோது மண்டோர் முனியாண்டி பிரம்போடு ஓடி வந்தார். "சார், பாத்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன்ல, கண்ணாடிய ஒழுங்காப் போட்டா எல்லாம் சரியாயிரும்னு! இப்ப ஒரு நிமிசம் கழட்டுறது இல்ல சார். வெட்டு பாருங்க, வெண்ணெய்!" அவர் எப்போது சொன்னார்? அந்தக் கண்ணாடியின் தடிமன் போன இடம் தெரியவில்லை, அதற்குள் பெரிசாகத் தெரிந்த கண் பாதியாய்ச் சுருங்கியிருக்கிறது, எதிரே நின்று தினமும் பார்க்கிறார், அவருக்குத் தெரியவில்லை. கறுப்புச் சட்டம் மூக்கில் இருக்கிறதா, இருக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா மண்டோரே, நீங்க சொன்னது சரிதான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய பெரிய மாத்திரை அது.

பாரம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்பதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். பாக்கியத்துக்கு நாள் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பாரம் வேலைக்கான பாரம், டாக்டர் வேலைக் கண்ணாடியைத்தானே பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு, மரத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆளைக் கேட்டுக் கேட்டு பஸ் ஏறி வந்து நிற்கிறார். வீட்டுக் கண்ணாடி வீட்டில்! ஆயர் தாவாரில்! அட்டை முன்னால் நிறுத்தினால் பெரிய சீப்பே தெரியாது. எண்ணைப் பொய்யாக எழுதினால் என் வேலை போகும். உண்மையாக எழுதினால் அவர் வீடு போகும். எழுதாமல் வெள்ளை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ஓங் கையை நீட்டினார். கொடுத்தேன். எண் இல்லாத இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பாக்கியத்தின் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்து, ஜன்னல் கம்பிக்கு நேரே பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தார். பவர் இருக்கும் கண்ணாடியை அசைத்தால் அதன் வழியே தெரிகிற கம்பியும் நகரும். கம்பி நகரவில்லை. இன்னொரு தடவை அசைத்தார். நகரவில்லை. "டாக்டர், நான்தான்..." என்று ஆரம்பித்தேன். விரல் எழுந்தது.

பாக்கியத்தின் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலின் உட்பக்கத்தில் காய்ப்பு ஏறிக் கிடந்தது. அதை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டு, மலாயில் சொன்னார், "நல்ல கண்ணாடி. உடைச்சிடாதீங்க." அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தார். போன பாரத்தில் எழுதியிருந்ததை அப்படியே பார்த்து, 'கண்ணாடியுடன் வேலைக்குத் தகுதி' என்று புதுப் பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது. பாக்கியம் பாரத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"டாக்டருக்குத் தெரிஞ்சு போச்சா ஐயா?"

"தெரிஞ்சு போச்சும்மா."

"எம்புட்டு நேரத்துல?"

"ஒரு நிமிஷம்கூட ஆகல."

பாக்கியம் அந்த ஒன்றும் இல்லாத கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் ஐயா மூணு மாசம் ஆச்சு."